இரண்டு துளை போட்ட பால் டின்

நிவாரண வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசும்படி என்னை அழைத்தபோது, நன்கொடையாளர்களின் நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லச் சொன்னீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உதவி கொடுக்கப் போனவர்களே உதவி கேட்டு வந்த பெண்களிடம் தவறாக நடந்துகொண்டதாகப் பெரிய தொண்டு அமைப்புகளைப் பற்றிச் செய்திகள் வருகின்றன. கொடுக்கிறவர்கள் கையை இழுத்துக்கொள்கிறார்கள். மேடையில் என்னால் பேச முடியவில்லை, எழுதுகிறேன். அந்த நம்பிக்கையை நான் ஒருமுறை மிக நன்றாகக் காப்பாற்றியிருக்கிறேன். எனக்கு வெட்கம் அதைப் பற்றித்தான்.

மலாயாவில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு போரிட்ட அவசரகாலத்தில் நடந்தது இது. ரெம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கங்கே சிதறியிருந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி அடித்திருந்தார்கள். விடியற்காலையில் மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தால் அது காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போகிறது என்று அர்த்தம். சோறு அளவு, சீனி அளவு, எண்ணெய் அளவு. இதில் கைக்குழந்தைக்காரிகள்தான் முதலில் இளைத்தார்கள். சிரம்பானில் சிலர் சேர்ந்து ஒரு நிவாரணக் குழு தொடங்கி, பால் வற்றிப்போன தாய்மார்களுக்குக் கெட்டிப்பால் டின் கொடுத்தார்கள். நான் அந்தக் குழுவின் ஊழியன். தோட்டத்துக் கணக்கு எழுதும் ஒரு கிராணியின் மகன், ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தவன், எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிறவன். அந்தக் கடைசி குணத்தைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம்.

போலீஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. மூடிய டின் லயத்துக்குள் போகக்கூடாது. கையில் கொடுக்கும்போதே ஆணி வைத்து இரண்டு துளை போட்டுவிட வேண்டும். துளை போட்ட டின் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் பயன்படாது. அதனால் தாய்மார்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்கள் ஸ்டோருக்கு வரவேண்டியிருந்தது.

ஆணியும் சுத்தியலும் ஸ்டோர் பொறுப்பாளரிடம் இருந்தன. தோட்டத்தில் எல்லோரும் அவரைப் பால் ஐயா என்றார்கள். நல்ல குரல், சிரித்த முகம், வெளுத்த சட்டை. நன்கொடையாளர்கள் பார்வையிட வந்தால் ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார், படம் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் செம்மண்ணில் விழுந்தபோது ஓடிவந்து முழங்காலுக்கு அயோடின் போட்டவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஆள் எப்படி இருப்பான் என்று உங்கள் மனதில் ஒரு முகம் இருந்தால், தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு விநோதம் நடந்தது. முதலில் தாய்மார்கள் ஒவ்வொருவராக ஸ்டோருக்கு வந்துகொண்டிருந்தார்கள். சில வாரங்களில் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக முனியம்மா மட்டும் வந்தாள். வேலை நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை அவள் பொறுப்பில் இருந்தது. இடுப்பில் ஒரு பிரம்புக் கூடை, வாய் நிறைய வெற்றிலை. ஸ்டோர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, எல்லாத் தாய்மார்களுக்கும் உரிய டின்களைத் துளை போட்டு வாங்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டு போவாள். உள்ளே வரமாட்டாள். கதவை மூடவும் விடமாட்டாள்.

"தம்பி, இது நல்லால்ல" என்றார் பால் ஐயா என்னிடம். "ஒருத்தி கையில இத்தன டின்னு. லயத்துக்குத்தான் போவுதா, வேற எங்கயாச்சும் போவுதா? நீதான் கேள்வி கேக்குற ஆளாச்சே. கண்டுபிடி."

எனக்கு உற்சாகம் பொங்கியது. ஆயாக் கொட்டகைக்குப் போனேன். அன்று ஓய்வு நாள், தாய்மார்கள் சிலர் அங்கே உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் நீங்களே வந்து பால் வாங்குறதில்ல?" என்று கேட்டேன்.

"கால் வலி, சின்னையா" என்றாள் ஒருத்தி.

"எல்லாருக்குமா?"

"ஒரே லயம்தானே. வலியும் ஒண்ணாத்தான் வரும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முனியம்மா எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, "கேட்ல மாத்தா ஒரு சோதன, இங்க நீங்க ஒரு சோதனயா? பொம்பளைங்கள நிம்மதியா ஒக்கார விடுங்கலா" என்றாள். போலீஸ்காரர்களை அங்கே மாத்தா என்பார்கள்; பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பதும் அங்கத்து வழக்கம்.

அப்போது அஞ்சலை என்ற இளம் தாய் ஒருத்தி, மடியில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "சின்னையா, ஒங்க ஸ்டோருக்குக் கதவு எத்தன?"

"ஒண்ணுதான். ஏன்?"

"அதான் கால் வலி."

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்த முறை எல்லோரும் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். அதற்கு என்ன பொருள் என்றும் யோசித்தேன். வாசல் குறுகலாக இருக்கிறதோ, வரிசையில் நிற்க நேரமாகிறதோ என்றுகூட எண்ணினேன். ஒரு பெண் தன் வாயால் சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்லிவிட்டாள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் தெரிகிறது, என் ஆர்வம் எப்போதும் பால் வாங்குகிறவர்களைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது. பால் கொடுக்கிறவரைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு விதியை முன்வைத்தேன். இனிமேல் ஒருவருக்காக இன்னொருவர் பால் வாங்கக்கூடாது. தாய் நேரில் வரவேண்டும், ஒவ்வொருவராக ஸ்டோருக்குள் வந்து, தன் கண் முன்னால் துளை போட்ட டின்னை வாங்கிப் போகவேண்டும். 'ஒவ்வொருவராக' என்பது பால் ஐயா கொடுத்த யோசனை. கூட்டத்தில் அதையும் என்னுடையதாகவே சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். நன்கொடையாளர்களுக்கு இதைச் சொன்னால் ஒரு டின் வீணாகாது என்று மகிழ்வார்கள் என்றார் தலைவர். பால் ஐயா என் தோளில் தட்டினார். "மூளலா ஒனக்கு!"

விதி வந்த முதல் நாள் முனியம்மா கூடையோடு வந்தாள். நான் வாசலில் நின்று அவளைத் திருப்பி அனுப்பினேன்.

"நான் தொட்டா ஒங்க பால் திரிஞ்சு போயிருமா?"

"விதி, ஆயா."

"யாரு போட்டது?"

"குழு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மற்ற தாய்மார்கள் வரத் தொடங்கினார்கள். அஞ்சலை வரவில்லை. அவள் குழந்தைதான் அந்தத் தோட்டத்திலேயே மிக மெலிந்தது. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. கொஞ்சம் எரிச்சலோடுதான் அவள் வீட்டுக்குப் போனேன் என்பதை மறைக்க மாட்டேன். இலவசமாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளக்கூட ஒருத்திக்கு என்ன அலட்சியம் என்று நினைத்தேன்.

அவள் கஞ்சித் தண்ணீரை ஒரு துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"டின்னு வாங்க ஏன் வரல?"

"வேணாம், சின்னையா."

"புள்ளயப் பாரு. எலும்பா கெடக்குது."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப வா. பொறுப்பாளர்கிட்ட நானே சொல்லி ரெண்டு டின்னு வாங்கித் தரேன்."

அவள் துணியைக் கீழே வைத்தாள். "அவரு கதவச் சாத்திட்டுத்தான் ஆணிய எடுப்பாரு" என்றாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"நான் ஒரு தடவ கத்தினேன். ஒடனே கதவத் தொறந்து, வெளிய காவலுக்கு நின்ன மாத்தாகிட்ட, இந்தப் பொண்ணு கூட ஒரு டின்னு கேக்குது, யாருக்குன்னு தெரியலன்னு சொன்னாரு. சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. பால் காட்டுக்குப் போவுதுன்னு ஒரு வார்த்த போதும், எங்க வீட்டுக்காரர புடிச்சிட்டுப் போயிருவாங்க. அப்புறம் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. அவருகிட்ட சொன்னா கத்தியோட போவாரு. அதுலயும் அவரத்தான் புடிப்பாங்க. அதான் ஆயா கூடையத் தூக்கினா. ஆயாவ நிறுத்தினீங்க."

"மத்தவங்க?"

"போறாங்க. புள்ளைக்குப் பால் வேணும். யாரு யாருன்னு கேக்காதீங்க. ஆளுக்கு ஒரு கரண்டி அவங்க டின்னுலேர்ந்து என் புள்ளைக்கும் ஊத்துறாங்க. அதக் குடிச்சித்தான் இது உசிரோட இருக்கு."

பிறகு அவள் ஒன்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள். "ஒவ்வொருத்தரா உள்ள வரச் சொன்னது நீங்களா, அவரா?"

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "குழு" என்றேன்.

அன்றே சிரம்பானுக்குப் போய்த் தலைவரைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். குழுவுக்காகத் தன் சம்பளத்தில் பாதியைச் செலவழித்தவர். நான் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் யாருக்குத் தெரியும்?" என்பது.

"எனக்கும் அந்தப் பெண்களுக்கும்."

"வெளியில?"

"இல்ல."

"இது வெளியில போனா என்ன ஆகும், யோசிச்சியா? நாளைக்கே கொடுக்கிறவங்க நிறுத்திடுவாங்க. ஒரு ஆளோட தப்புக்காக இத்தனை தோட்டத்துப் பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா? அந்தப் பாவம் யாரச் சேரும்? உன்னையா, என்னையா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"நாளைக்கே அவரை அங்கேர்ந்து எடுத்துடறேன்" என்றார். "சத்தமில்லாம. அந்தப் பெண்களுக்கும் மானம் இருக்கு, இல்லையா?"

அந்தக் கணத்தில் என் மனதில் கோபமோ துக்கமோ இல்லை. பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. என்னிடம் ஒருவர் பொறுப்பாக ஏதோ செய்வதாகச் சொல்லிவிட்டார். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று கேட்கும் நான், அங்கேர்ந்து எடுத்து எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்கவில்லை.

லிங்கிப் பக்கத்து ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கௌரவமாகத்தான் அனுப்பினார்கள். தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டுப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில், லிங்கிக்குப் போகிறார் என்று அறிவித்து ஒரு பிரிவுபசாரம் நடந்தது. மாலை, பலகாரம், படம். பாராட்டுரையை எழுதி வாசிக்கும் வேலை என்னுடையது, ஏனென்றால் என் தமிழ் நன்றாக இருக்கும். 'தாயினும் பரிந்து' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். வாசிக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். தாய்மார்கள் கடைசியில் நின்றிருந்தார்கள். யாரும் பால் ஐயாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளைப் பார்த்து மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

சில மாதங்கள் கழித்து வேறொரு வேலையாக லிங்கிக்குப் போனேன். அந்தத் தோட்டத்துக்குள் வேன் திரும்பும்போது, செம்மண் பாதையில் எங்கள் ஸ்டோரை நோக்கி ஒரு பெண் நடந்து போய்க்கொண்டிருந்தாள். நடுத்தர வயது. இடுப்பில் பெரிய பிரம்புக் கூடை. அவள் பின்னால் வேறு யாரும் இல்லை.

வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"அம்மா, எங்க போறீங்க?"

"பால் டின்னு வாங்க, ஐயா."

"கூடை நெறய வாங்கணுமா?"

"எல்லாக் கைக்கொழந்தக்காரிங்களுக்கும் சேத்து நான்தான் வாங்குறேன். அவங்களுக்கு வர முடியல." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கால் வலி."

ரெம்பாவில் இருந்தவர்களை இவளுக்குத் தெரியாது. இரண்டு தோட்டத்துக்கும் போக்குவரத்து இல்லை, நடுவில் முள்கம்பியும் சோதனைச் சாவடிகளும்தான். அப்படியிருந்தும் அதே கூடை, அதே கால் வலி. நான் கேட்டேன். "அந்த ஸ்டோருக்குக் கதவு எத்தன?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடையை இடுப்பிலிருந்து இறக்கி முன்னால் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள் மெதுவாக.

ரெம்பாவில் ஒரு பெண் சொன்னாள் என்றேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தலைவரிடம் மறுபடி போயிருந்தால் யார் யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்டிருப்பார். நான் ராவுத்தரிடம் போனேன். சிரம்பானில் மளிகைக் கடை வைத்திருந்தவர், எங்கள் டின்களில் பெரும்பங்கு அவர் கொடுத்தவை. யாருடைய காதுக்கு எட்டவே கூடாது என்று எங்கள் தலைவர் பயந்தாரோ, அந்தக் காது அவருடையது. கடையில் கூட்டம் இருந்தது. பின்கட்டுக்கு அழைத்துப்போய் அரிசி மூட்டை மேல் என்னை உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விதி போட்டது நான் என்பதையும் அங்கேதான் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மூட்டைமேல் வைத்தார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

"அவர் ரெம்பாவில் இருக்கும்போதே."

"ஏன் என்கிட்ட வரல?"

"நீங்க பாலை நிறுத்திடுவீங்கன்னு..."

"பாலை நான் ஏன்யா நிறுத்துறேன்? ஆளையில்ல நிறுத்தச் சொல்லியிருப்பேன்!" கடைப் பையன்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் எழுந்தது. பிறகு தணிந்தது. "என் நம்பிக்கையக் காப்பாத்துறோம்னு நெனச்சீங்களா, தம்பி? அவன் என் டின்னக் காட்டித்தானே அந்தப் புள்ளைகள உள்ள கூப்பிட்டான்? அப்ப அந்தக் கதவச் சாத்துனதுல என் கையும் இருக்கு. அதத்தான் நீங்க என்கிட்ட மறச்சிருக்கீங்க."

அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்த வாக்குவாதத்தை விட்டுவிடுகிறேன். பால் ஐயா வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தண்டிக்கப்படவில்லை. போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்ல எந்தப் பெண்ணும் துணியவில்லை. அந்த நாட்களில் அந்த வாசலை மிதித்தாலே குடும்பத்தின்மேல் சந்தேகம் விழும். அவர் ரயிலேறி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். கொஞ்ச காலம் கழித்து அங்கே வேறொரு அறக்காரியத்தில் அவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. என் பாராட்டுரையை அவர் உடன் எடுத்துப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். நன்கொடையாளர்களில் சிலர் விலகினார்கள், சில மாதம் டின் குறைந்தது உண்மைதான். ஆனால் தலைவர் சொன்ன பட்டினி வரவில்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ராவுத்தர் ஒரே ஒன்றுதான் கேட்டார். இனி ஸ்டோருக்குள் வைத்து எதுவும் கொடுக்கக்கூடாது. பெரட்டுக் களத்தில் ஒரு மேசையைப் போட்டு, எல்லோர் கண்ணிலும் படக் கொடுக்கவேண்டும். ஆணியும் சுத்தியலும் தாய்மார்கள் கையில் இருக்கட்டும். போலீஸுக்குத் துளைதானே வேண்டும், யார் அடித்தால் என்ன?

இது எவ்வளவு எளிது என்று பாருங்கள். ஒரு மேசை. முதல் நாளே அதை நான் செய்திருக்கலாம். முனியம்மா வாசற்படியில் உட்கார்ந்து கதவை மூடவிடாமல் செய்தது இதைத்தான்.

ரெம்பாவில் மேசை போட்ட முதல் நாள் நானே போய் நின்றேன். தாய்மார்கள் வரிசையாக வந்தார்கள். ஆணியைப் பிடிக்கத் தெரியாமல் ஒருத்தி விரலில் அடித்துக்கொண்டாள், மற்றவர்கள் கேலி செய்தார்கள். "மரத்த மட்டும்தான் நேரா வெட்டுவாலா இவ!" முனியம்மா மேசைக்குப் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை.

கடைசியாக அஞ்சலை வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. உயிரோடிருந்தது. ஆனால் அந்த வயதில் நிற்க வேண்டிய குழந்தை, இன்னும் கழுத்தை நேராகப் பிடிக்கவில்லை. நான் ஒரு டின்னை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"அஞ்சலை, அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். அந்த விதியப் போட்டது நான்தான்."

"தெரியும்" என்றாள். குழந்தையை முனியம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆணியை எடுத்தாள். ஒரே அடியில் முதல் துளை விழுந்தது.

"தெரியுமா?"

"குழுன்னு சொல்றப்ப நீங்க தரையப் பாத்தீங்க."

ஆணியை எதிர்ப்பக்கம் வைத்தாள். சுத்தியலை ஓங்கியவள் ஏனோ நிறுத்தினாள். ஆயாக் கொட்டகையில் கதவைப் பற்றிக் கேட்டபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

"லிங்கியில எத்தன பேரு, சின்னையா?"

எனக்கு அவளுடைய கேள்வி உடனே புரிந்தது. ரெம்பாவிலிருந்து அவரை எடுத்தபோது நான் வாயைத் திறந்திருந்தால் தப்பியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன். "நான் கேக்கல."

அவள் தலையை ஆட்டினாள். சுத்தியல் இறங்கியது. அடி விழுந்த வேகத்தில் பால் முதல் துளை வழியாக எழும்பி வந்தது. அவள் அதை விரலால் துடைத்து, முனியம்மா மடியில் கிடந்த குழந்தையின் வாயில் வைத்தாள். பிறகு ஆணியையும் சுத்தியலையும் என் கையில் தராமல் மேசையின் நடுவில், எல்லோருக்கும் எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.